குட்டையில் யார் வாய் பெரிது?

ஆடி மாதத்து முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் பெரியப்பா போன் செய்தார். காளஹஸ்தியிலிருந்து ஏர்ப்பேடு போகும் வழியில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதன் மூலையில் இருபது சென்ட்டில் ஒரு குட்டை. மழைத் தண்ணீர் பிடிப்பதற்காக வெட்டியது. மூன்று வருஷமாக அதில் மீன் வளர்க்கிறார்.

"ராத்திரி பூரா கண்ணு மூடலப்பா. குட்டையைச் சுத்தி மஞ்ச மஞ்சளாத் தவளை. ஒவ்வொண்ணும் உள்ளங்கையைவிடப் பெருசு. பக்கத்து நிலத்துக்காரர் வந்து பாத்துட்டு, 'பெத்த கப்பலு, சேப்ப பில்லல்ன தினேஸ்தாயி'ங்கறார். மீன் குஞ்சையெல்லாம் தின்னு தீத்துடுமாமே. மருந்து ஏதாச்சும் ஊத்திடட்டுமா?"

"மருந்து மட்டும் வேண்டாம் பெரியப்பா" என்று உடனே சொல்லிவிட்டேன். தவளையைக் கொல்லும் பூச்சிமருந்து மீனையும் விட்டு வைக்காது. வயலில் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளில் மிகச் சிறிய அளவு கலந்தாலே மீன் செத்து மிதக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. தவளை மீனைத் தின்னுமா, தின்னாதா? குட்டையில் அது இருப்பது லாபமா, நஷ்டமா? இதற்குப் பதில் தேடிப் போனபோது அந்தமான் வரைக்கும், ஒடிசாவின் அங்குல் வரைக்கும், மதுரை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

பெரியப்பா பார்த்தது இந்தியப் பெருந்தவளை. தெலுங்கில் போதுரு கப்ப என்பார்கள். அறிவியல் பெயர் ஹோப்லோபட்ராகஸ் டைகெரினஸ். இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பெரிய தவளைகளில் ஒன்று. பதினைந்து, பதினாறு சென்டிமீட்டர் வரை வளரும். வருஷத்தில் பெரும்பாலான நாள் சேற்றுப் பச்சையும் பழுப்புமாக, முதுகில் ஒரு வெளிறிய கோட்டோடு, கரையில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஊர்ச் சொர்ணமுகி ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் கோடையில் ஈரமண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. முதல் பெருமழை வந்ததும் மேலே வருகிறது. அப்போது ஆண் தவளை எலுமிச்சை மஞ்சள் நிறமாக மாறிவிடும். தொண்டையின் இரு பக்கமும் இரண்டு நீலப் பைகள் பலூன் மாதிரி உப்பும். பெண் நிறம் மாறுவதில்லை. பெண்ணைத் தேடி முண்டியடிக்கும் கூட்டத்தில் ஆணை ஆண் என்று தூரத்திலேயே அடையாளம் காண இந்த மஞ்சள் உதவுகிறது என்று கருதுகிறார்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் மஞ்சள் வடிந்து பழைய நிறம் திரும்பிவிடும். 2020 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் நரசிங்பூரில் இப்படிக் கூடிய மஞ்சள் தவளைகளின் காணொளி நாடெங்கும் பரவியது. கொரோனா பயத்தில் இருந்த மக்கள் இது என்ன புது ஆபத்து என்று கூடப் பதறினார்கள். தலைமுறை தலைமுறையாக நம் வயல்களில் நடந்துவருவதுதான் அது.

தவளைக்கு வேட்டையாடும் வாய் இருக்கிறது. மெல்லும் வாய் இல்லை. மேல்தாடையில் மட்டும் சிறு பற்கள், பிடித்தது நழுவாமல் இருப்பதற்கு. கடித்துத் துண்டாக்கத் தெரியாது. வாய்க்குள் அடங்குவதை அப்படியே விழுங்கும், அடங்காததை விட்டுவிடும். விழுங்கும்போது கண்களை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அந்த இரு கண்களும் மண்டைக்குள் இறங்கி, வாயின் கூரையை அழுத்தி, இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. பார்ப்பதற்கு இருக்கும் கண்ணே விழுங்குவதற்கும் உதவும் உயிர் தவளை.

அந்தக் கண்ணைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1959இல் ஜெரோம் லெட்வின், ஹும்பெர்ட்டோ மதுரானா முதலான நால்வர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தவளையின் கண் மூளைக்கு என்ன சொல்கிறது என்பதுதான் அதன் கேள்வி. கண் ஒரு படத்தைப் பிடித்து மூளைக்கு அனுப்புகிறது, மூளைதான் அதைப் புரிந்துகொள்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். தவளையின் விழித்திரையிலோ, சின்னதாய்க் கறுப்பாய் ஒன்று நகர்ந்தால் மட்டும் துடிக்கும் நரம்புகள் இருந்தன. அசையாத ஈக்கள் சுற்றிக் கிடந்தால் தவளை பட்டினி கிடந்தே சாகும். எதிரே அசைந்து போகிற, வாய்க்கு அடங்குகிற எதுவும் அதற்கு உணவுதான். வெட்டுக்கிளி, வண்டு, மண்புழு, வயல் நண்டு, சுண்டெலி, சின்னப் பாம்பு, இன்னொரு தவளை எல்லாம் அதில் அடக்கம். மீன் குஞ்சுக்கு மட்டும் எப்படி விதிவிலக்கு கிடைக்கும்?

ஆனால் பெருந்தவளை பெரும்பாலும் கரையோரத்தில் உட்கார்ந்து வேட்டையாடுகிறது. தண்ணீரின் நடுவே மீனைத் துரத்திப் பிடிக்கும் உடல்வாகு அதற்கு இல்லை. குட்டையில் வளர்க்கும் கெண்டை மீன்களில் கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். இந்த மூன்றும் விரல் நீளத்துக்கு வளர்ந்து, கூட்டமாக நடுக்குளத்தில் திரியத் தொடங்கிவிட்டால், கரையில் உட்கார்ந்திருக்கும் தவளைக்கு அவை கிட்டுவது அரிது. கட்லா குஞ்சுக்கு உடல் அகலமும் அதிகம். கரையோரம் மூச்சுத் திணறித் தலைதூக்கும் ஒன்றிரண்டு அதன் வாயில் விழலாம். அவ்வளவுதான்.

ஆக, தவளை நல்லதா கெட்டதா என்பது குட்டையில் விடும்போது மீன் என்ன அளவில் இருந்தது என்பதைப் பொறுத்தது. விரல் நீளக் குஞ்சு விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. முட்டை பொரித்து நாலைந்து நாளான, கொசுப்புழு மாதிரி நெளியும் நுண்குஞ்சை விட்டால் கதை வேறு. அங்கேதான் கரையிலிருக்கும் பெரிய தவளையைவிடத் தண்ணீருக்குள் இருக்கும் அதன் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும்.

தலைப்பிரட்டை என்றால் பாசியைச் சுரண்டித் தின்னும் சாதுப்பிராணி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெரும்பாலான தவளை இனங்களுக்கு அது சரி. பெருந்தவளையின் தலைப்பிரட்டை அப்படி இல்லை. பிறந்ததும் இரை தேடும். கொசுப்புழு, நீர்ப்பூச்சி, மற்ற தவளைகளின் தலைப்பிரட்டைகள், பசி மிஞ்சினால் உடன்பிறந்தவை. அதன் வாயின் அமைப்பே கடிப்பதற்கும் கவ்வுவதற்கும் ஏற்றது.

அது எவ்வளவு கடுமையான வேட்டைக்காரன் என்பதை அந்தமான் காட்டியது. அந்தமான் தீவுகளில் இந்தியப் பெருந்தவளை இயற்கையாக இருந்ததே இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தென்படத் தொடங்கி, சில வருஷங்களில் பல ஊர்களில் பரவிவிட்டது. நித்ய பிரகாஷ் மொகந்தி என்ற ஆய்வாளர், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மீசியோடு சேர்ந்து இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். ஊர் ஊராகப் போய், இந்தத் தவளையை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று மக்களிடமே கேட்டுப் பரவலின் பாதையைக் கட்டமைத்தார்கள். கிடைத்த விடை மீன் வளர்ப்பவர்கள் எல்லாரும் கேட்க வேண்டியது. தவளை பெரும்பாலும் மீன் குஞ்சு மூட்டைகளோடுதான் வந்திருக்கிறது. பெருநிலத்திலிருந்து குட்டைகளில் விடக் கொண்டுவந்த குஞ்சுகளுக்கிடையே தலைப்பிரட்டைகளும் கலந்து வந்து, குட்டைகளில் விழுந்து, தவளையாகிக் கரையேறின.

பெருந்தவளைகளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. பூச்சிகளோடு முதுகெலும்புள்ள பிராணிகளும் கணிசமாக இருந்தன. கோழிக்குஞ்சையும் வாத்துக்குஞ்சையும் விழுங்கிவிடுகிறது என்று அங்குள்ள மக்கள் சொன்னார்கள். 2019இல் வந்த இன்னொரு ஆய்வில், அந்தமானுக்கே உரிய இரண்டு சிறு தவளை இனங்களின் தலைப்பிரட்டைகளைப் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளோடு ஒரே தொட்டியில் விட்டார்கள். தீவுத் தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் அவை.

காளஹஸ்தியில் இதே தவளை ஊருக்குச் சொந்தம். இங்குள்ள மற்ற உயிர்கள் ஆயிரமாயிரம் வருஷமாக அதோடு வாழப் பழகியவை. தீவில் அது அழிவு, இங்கே அது இந்த மண்ணின் ஒரு அங்கம். ஆனால் நுண்குஞ்சு நிரப்பிய நாற்றங்கால் குட்டை ஒரு சின்னத் தீவு மாதிரிதான். தப்பி ஓட இடமில்லாத, எதிர்த்து நிற்க வலுவில்லாத லட்சக்கணக்கான குஞ்சுகள் ஒரே தண்ணீரில். அங்கே தவளையின் ஒரு முட்டைத் தொகுதி பொரித்தால் இழப்பு நிச்சயம்.

இந்த மோதலுக்குக் காரணம் மழை. தவளையும் கெண்டை மீனும் ஒரே மழைக்குக் காத்திருப்பவை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்றில் வெள்ளம் பெருகும்போதுதான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் எவ்வளவு நன்றாகத் தீனி போட்டாலும் முட்டையிடாது. அதனால் வெகுகாலம் வரை மீன் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ள ஆற்றில் வலை போட்டு அள்ள வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி அந்த நிலையை மாற்றினார். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைக் கெண்டைக்கு ஊசியில் ஏற்றினார். வெள்ளமில்லாமலே மீன் முட்டையிட்டது. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். பெரியப்பாவின் குட்டைக்கு வரும் ஒவ்வொரு குஞ்சும் அந்த ஊசியின் வழி வந்ததுதான்.

தவளைக்குள்ளும் வேலை செய்வது அதே பிட்யூட்டரிதான். மழையின் ஓசையும் ஈரமும் குளிர்ச்சியும் அதைத் தட்டி எழுப்புகின்றன. நாம் ஊசி போட்டு மீனுக்குச் சொல்லும் சேதியை மழை தவளைக்கு நேரடியாகச் சொல்கிறது. மீன் குஞ்சு பொரிப்பகங்களும் மழைக்காலத்தில்தான் முழுவீச்சில் இயங்கும். குஞ்சு வாங்கிக் குட்டையில் விடும் வாரமும் தவளை முட்டையிடும் வாரமும் ஒன்றாகிவிடுவது அதனால்தான்.

பெருந்தவளை முட்டையிட விரும்புவது ஆழமான நிலையான குளத்தில் அல்ல. மழையில் புதிதாகத் தேங்கிய, ஆழமில்லாத, மீன் இல்லாத தண்ணீரில். வயல் வரப்போரப் பள்ளம், சாலையோரக் குழி, செங்கல் சூளைக் குண்டு. காரணம் எளிது. வளர்ந்த மீன் இருக்கும் குளத்தில் அதன் முட்டையும் பிள்ளையும் மீனுக்கு உணவு. அப்போதுதான் உழுது நீர் நிரப்பி, பழைய மீனையெல்லாம் ஒழித்துச் சுத்தம் செய்த நாற்றங்கால் குட்டையோ, தவளையின் கண்ணுக்குப் புதிதாகத் தேங்கிய மழைக்குட்டை மாதிரியே தெரிகிறது. மீனுக்காக நாம் செய்யும் ஏற்பாடு தவளைக்கும் அழைப்பாகிவிடுகிறது.

இந்தத் தலைப்பிரட்டையின் பசியைப் பற்றி மதுரையில் நடந்த ஆய்வை எண்ணி நான் உள்ளபடியே பெருமைப்படுகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனும் அவரோடு எம். பீட்டர் மரியான் முதலியோரும் பெருந்தவளையின் தலைப்பிரட்டை கொசுப்புழுவை எப்படித் தின்கிறது என்று ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் புழு அது. மீன் குஞ்சுக்கு எமனாகும் அதே பசி, வீட்டோரச் சாக்கடைத் தேக்கத்தில் நமக்குக் காவலாகிறது. தலைப்பிரட்டை ஒன்றுதான். எந்தத் தண்ணீரில் விழுந்தது என்பதில்தான் நன்மையும் தீமையும்.

இன்னொரு கணக்கையும் போட வேண்டும். நாற்றங்கால் குட்டையில் தவளையைவிடப் பெரிய எதிரிகள் உண்டு. தட்டானின் நீர்ப்பருவக் குஞ்சு, தண்ணீர்த் தேள், முதுகால் நீந்தும் பூச்சி, நீர்வண்டு. இவை ஒவ்வொன்றும் நுண்குஞ்சைப் பிடித்துத் தின்றுவிடும். அதனால்தான் குஞ்சு விடுவதற்கு ஒரு நாள் முன்பு சோப்பும் எண்ணெயும் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு. ஐந்து சென்ட் நாற்றங்காலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சொச்சம் எண்ணெயும் 360 கிராம் சோப்பும் போதும். நீர்ப்பரப்பில் பரவும் படலம், மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகளை மூச்சடைத்துக் கொன்றுவிடும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் நாற்றங்காலில் விட்ட நுண்குஞ்சில் பாதி தேறினாலே நல்ல விளைச்சல் என்றுதான் கணக்கு. அந்த இழப்பு முழுவதையும் கரையில் கத்தும் தவளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கத்துவது கண்ணில் படுகிறது, காதில் விழுகிறது. தட்டான் குஞ்சு சத்தமே போடாமல் தின்கிறது.

போன வருஷம் ஐந்நூறு குஞ்சு விட்டு முந்நூறுதான் பிடித்தேன் என்றார் பெரியப்பா. அவர் விட்டது விரல் நீளக் குஞ்சு. மீதி இருநூறும் எங்கே போயின? கொக்கு வந்ததா, நீர்க்காகம் வந்ததா, தண்ணீர்ப் பாம்பு இருந்ததா என்று கேட்டேன். எல்லாமே வந்தன என்றார். கார்த்திகை மழையில் ஓடைத் தண்ணீர் குட்டைக்குள் புரண்டு வந்ததாம். ஓடைத் தண்ணீரோடு விரால் வந்திருக்கும். ஒரு விரால் போதும், ஒரு குட்டையின் கணக்கை மாற்றுவதற்கு. அத்தோடு மார்கழியில் தொடர்ந்து மேகம் மூடிய மூன்று நாட்கள், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்ததைத் தானே பார்த்ததாகவும் சொன்னார். வெயில் இல்லாத நாளில் பாசி பிராணவாயு தருவது குறைந்துபோகும். இரவெல்லாம் மீனும் பாசியும் சேற்றுக் கிருமியும் சேர்ந்து இருப்பதை உறிஞ்சிவிடும். விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சே இருக்காது. சின்னக் குட்டைகளில் மீன் சாவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். தவளையோ தோலாலும் நுரையீரலாலும் மூச்சு விடும். மீன் சாகும் காலையில் அது பிழைத்துக் கரையில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் அதைத்தான் குற்றவாளி என்பார்.

விரால் என்றதும் கணக்கு நேர் எதிராகத் திரும்புகிறது. தெலுங்கில் கொரமேனு என்பார்கள். தெலங்கானாவின் மாநில மீனே அதுதான். விராலுக்குத் தவளையும் தலைப்பிரட்டையும் விருந்து. தூண்டில் போடுகிறவர்கள் சின்னத் தவளையைக் கொக்கியில் கோத்து நீர்த்தாமரை இலைகளுக்கு மேல் துள்ள விடுவது எதற்காக? விரால் அடியிலிருந்து பாய்ந்து கவ்வும். இப்போது ரப்பர் தவளையே கடைகளில் விற்கிறது. கெண்டைக் குட்டைக்காரருக்கு எதிரியான தலைப்பிரட்டை விரால் குட்டைக்காரருக்குச் செலவில்லாத தீவனம்.

பெருந்தவளையை ஆங்கிலத்தில் புல்ஃப்ராக் என்பார்கள், ஆனால் உலகில் புல்ஃப்ராக் என்றால் பெரும்பாலும் அமெரிக்கப் பெருந்தவளையைத்தான் சொல்கிறார்கள். அது வேறு இனம். நம் ஊர்க் குட்டைகளில் அது இல்லை. அதன் தலைப்பிரட்டை தவளையாக ஒரு வருஷம், குளிர்நாட்டில் இரண்டு வருஷம்கூட ஆகும். நம்முடையது சில வாரங்களிலேயே தவளையாகிவிடும். குட்டை வற்றுமுன் தப்பிக்க வேண்டுமே. அமெரிக்கத் தலைப்பிரட்டை மீனுக்குச் சுவைக்காது, பல மீன்கள் அதைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அது புகுந்த கதையில் ஒரு வியப்பு இருக்கிறது. மைக்கேல் ஆடம்ஸும் அவருடைய தோழர்களும் ஓரிகன் மாநிலத்தில் கண்டு 2003இல் வெளியிட்டது இது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட புளூகில் மீன்கள் தட்டான் குஞ்சுகளைத் தின்றுவிட்டன. அந்தத் தட்டான் குஞ்சுகள்தான் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளை வேட்டையாடிக் கட்டுக்குள் வைத்திருந்தன. மீன் குடியேறிய குளத்தில் தவளையும் பெருகிவிட்டது. ஒரு குளத்தில் இரண்டு உயிர்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது போதாது, மூன்றாவது யார் என்று தேட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

காளஹஸ்தியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் பூசித்த தலம் என்பதால்தான் சீ, காளம், அத்தி என்று ஊரின் பெயரே அமைந்தது என்பார்கள். பொன்முகலி என்னும் சொர்ணமுகியின் கரையில் வயலோரம் நின்று பார்த்தால் அந்தச் சிலந்திக்கும் பாம்புக்கும் நடுவே ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது. சிலந்தியையும் வெட்டுக்கிளியையும் தின்பது தவளை. தவளையைத் தின்பது சாரையும் நாகமும் தண்ணீர்ப் பாம்பும். தவளையை எடுத்துவிட்டால் கீழே பூச்சி பெருகும், மேலே பாம்பு பசியோடு மீனையும் வீட்டோர எலியையும் தேடி வரும். குட்டைக்கரையில் தவளை நிறைய இருந்தால் தண்ணீர்ப் பாம்பும் கொக்கும் முதலில் அதைத்தான் பிடிக்கும் என்பதையும் பெரியப்பாவிடம் சொன்னேன்.

தவளையை எடுத்துவிட்டு நாம் ஒரு முறை பார்த்தும் இருக்கிறோம். 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்தியா தவளைத் தொடையை ஏற்றுமதி செய்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் வாங்கின. இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்கிச் சாக்கு சாக்காகப் பிடித்து, தொடைகளை மட்டும் வெட்டி உறையவைத்து அனுப்பினார்கள். அதிகம் பிடிபட்டவை இந்தப் பெருந்தவளையும் பச்சைத் தவளையும்தான். 1981இல் மட்டும் 4,368 டன் தொடை கப்பலேறியது. ஒரு சோடித் தொடை நூறு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரே வருஷத்தில் நாலு கோடிக்கும் மேற்பட்ட தவளைகள். ஒவ்வொன்றும் இரவெல்லாம் வயல் பூச்சியைத் தின்றுகொண்டிருந்த உயிர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஹுமாயூன் அப்துல் அலி இதை எதிர்த்து ஓயாமல் எழுதினார். 1985இல் இந்த இரு இனங்களும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தன. 1987இல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. நம் தலைமுறை மழை இரவில் இந்தக் குரலைக் கேட்பது அந்தத் தடையின் பலன். அதனால்தான் மருந்து ஊற்றட்டுமா என்ற கேள்வி என்னை அவ்வளவு சுட்டது.

பெரியப்பாவுக்கு நான் கடைசியில் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். மீன் வளர்க்கிற யாருக்கும் இது பொருந்தும். உங்கள் குட்டை சிறியது. நுண்குஞ்சு வளர்க்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். விரல் நீளம் வளர்ந்த குஞ்சாகவே வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். ஹெக்டேருக்கு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் என்பது வழக்கமான கணக்கு. இருபது சென்ட்டுக்கு நானூறிலிருந்து எண்ணூறு. அந்த அளவுக் குஞ்சுக்குத் தவளை பெரிய ஆபத்தில்லை. கரையில் அது தின்னும் பூச்சியும் நண்டும் எலியும் உங்களுக்கு லாபம்தான். நண்டு வரப்பில் வளை தோண்டித் தண்ணீரைக் கசிய விடும் தொல்லை உங்களுக்கே தெரியும்.

நாற்றங்கால் வைத்தே தீருவேன் என்றால், குஞ்சு வரும்முன் நாற்றங்காலைச் சுற்றி இடுப்பளவுக்கு நெருக்கமான வலையைக் கட்டுங்கள். வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து வையுங்கள். பெருமழை பெய்த மறுநாள் விடிந்ததும் ஓரத்தில் நடந்து பாருங்கள். வழவழப்பான படலமாக, கறுப்பும் வெள்ளையுமான சின்ன மணிகள் மிதந்தால் அது தவளை முட்டை. ஓரிரு நாளில் பொரித்துவிடும், அதனால் அன்றைக்கே வாளியில் அள்ளுங்கள். அழிக்க வேண்டாம். உங்கள் நிலத்திலேயே மீன் இல்லாத ஒரு மழைப்பள்ளம் இருக்கும், அதில் ஊற்றுங்கள். அங்கே அது கொசுப்புழுவைத் தின்று வளரட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தமானில் நடந்தது பெரும்பாலும் ஒரு குஞ்சு மூட்டையில் இருந்துதான் தொடங்கியது. குஞ்சு மூட்டை வந்ததும் அவசரப்பட்டுக் குட்டையில் கவிழ்க்காதீர்கள். பை கொஞ்ச நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்கட்டும், சூடு சமமாகட்டும். பிறகு ஒரு வெள்ளைப் பேசினில் ஒரு சொம்பு ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி மாதிரி மெலிந்து, இரண்டு கறுப்புக் கண்ணோடு ஓடுவது மீன் குஞ்சு. உருண்டைத் தலையும் வாலுமாகக் கறுத்து நெளிவது தலைப்பிரட்டை. அதைப் பார்த்தால் அந்த மூட்டையை முழுதும் அலசாமல் தண்ணீரில் விடாதீர்கள், வெளியூருக்கும் அனுப்பாதீர்கள்.